சைவப் பூச்சி

கரையோரம் புல்லின்மேல் கிடந்த அந்த விரால் செத்திருந்ததா, இல்லையா? சில வாரங்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஹொஸ்கோட்டைக்கு அப்பால் ஒரு ஏரி. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலைப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. என் கணவர் சுகுமார் கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து நின்றார். கழுத்தில் ஐயப்ப மாலை. இரண்டு கைகளாலும் மீனை ஏந்தி, தண்ணீருக்குள்ளேயே முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார். களைத்த மீனுக்கு அப்படிச் செய்தால் மூச்சு திரும்பும், கொஞ்ச நேரத்தில் தானாக வாலை ஆட்டிக்கொண்டு போய்விடும் என்பார். அன்று அது போகவில்லை. அவர் கையைச் சுற்றித் தண்ணீர் மங்கலான சிவப்பாக இருந்தது.

கரையில் எங்கள் மகள் மித்ரா. ஏழு வயது. அவளும் கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, கழுத்தில் சின்ன மணி மாலை. கண்ணில் நீச்சல் கண்ணாடி, தலையில் தொப்பி, உடம்பில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். மாலையையும் கறுப்புத் துணியையும் தவிர மற்றதெல்லாம் என் ஏற்பாடு. தூண்டிலைப் பின்னால் வீசும்போது முள் கண்ணில் பட்டுவிட்டால்? கால் வழுக்கிவிட்டால்? அதனால்தான்.

"அம்மா, அது ஏன் போகமாட்டேங்குது?"

"போகும்டா. களைச்சுப் போயிருக்கு."

சொல்லிவிட்டு, நான் சொன்னது சரிதானா என்று கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை.

மாலை போட்டவர்களுக்கு ஏரியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பைக் பிடிக்கப் போனவர்

மித்ரா பிறப்பதற்கு முன்பு அலுவலக வேலையாக நாங்கள் ஸ்வீடனில் ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அங்கேதான் இவருக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. புழுவையோ மாவையோ கோர்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் மீன்பிடிப்பு அல்ல. இறகையும் நூலையும் முள்ளில் கட்டி ஒரு பொய்ப் பூச்சி செய்வார்கள். அதற்கு எடையே கிடையாது. அதனால் கயிற்றின் கனத்தை வைத்தே தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி வீசித் தண்ணீரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து, மத்தியானமே இருட்டிக்கொண்டு வரும் நாட்களில், அலுவலக நண்பர் ஒருவருடன் போவார். ஓடையில் டிரவுட் மீன். ஏரியில் பைக்.

பைக் என்பது ஒரு மீன். வாத்து மாதிரி நீண்ட வாய், உள்ளே வரிசையாகப் பல். இதைத் தமிழில் சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஒருநாள் அத்தை போனில் கூப்பிட்டார். அத்தை என்றால் என் மாமியார். அப்போது கோலார் தங்கவயலில் தனியாக இருந்தார்.

"எங்கம்மா அவன்?"

"பைக் பிடிக்கப் போயிருக்கார் அத்தை."

"ஏன், அந்த ஊர்ல பஸ் கெடைக்காதா?"

"இல்ல அத்தை, பிடிச்சிட்டு அங்கயே விட்டுட்டு வந்துடுவார்."

"வாடக வண்டியா? எவ்ளோ கேக்கறானுங்க?"

"ஐயோ, இது பெருசு அத்தை. பல்லெல்லாம் இருக்கு."

"குளுரு ஒத்துக்கலியாம்மா உனக்கு?" என்று மிகவும் அன்பாகக் கேட்டார்.

அது மீன் என்று புரிந்த பிறகுதான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது. பிடித்ததைக் குழம்பு வைக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருகிறான் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து என் மாமனார் ஒரு விரால் வாங்கி வந்தால் தெருவுக்கே தெரியும் என்பார்.

எனக்கோ எது சரி, எது தவறு என்று சொல்லவே தெரியாது. நான் மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் முட்டைகூட வந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மீன் மணம் பழகிவிட்டது. தொட மட்டும் இன்றுவரை வரவில்லை.

அத்தை வேண்டிக்கொண்டது

பெங்களூருக்குத் திரும்பி வைட்ஃபீல்டில் குடியேறினோம். பிறகு அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். இங்கே பைக்கும் இல்லை, டிரவுட்டும் இல்லை. "விரால்தான் நம்ம ஊர் பைக்" என்று இவர் கண்டுபிடித்தார். அதுவும் செடி மறைவில் அசையாமல் காத்திருந்து பாய்ந்து கவ்வுமாம். மழை ஓய்ந்து ஏரித் தண்ணீர் தெளியும் ஐப்பசிக் கடைசியும் கார்த்திகையும்தான் அதற்குச் சரியான நேரமாம். ஒவ்வொரு வருடமும் அந்தச் சில ஞாயிறுகளுக்காகவே மற்ற நாட்களில் அலுவலகம் போகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

இந்த வருடம் மழைக்காலத்தில் மித்ராவுக்கு நிமோனியா வந்தது. சாதாரணச் சளி என்று நினைத்துத்தான் டாக்டரிடம் போனோம். மாலையில் அவள் ஐ.சி.யூ.வில் இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அத்தை கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டிக்கொண்டார். "கொழந்த எழுந்து வந்துட்டான்னா, எம்புள்ள அவளயும் கூட்டிகினு உன் மலைக்கு வருவான்."

குழந்தை எழுந்து வந்தாள். கார்த்திகை முதல் தேதி அப்பாவும் மகளும் மாலை போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், படித்ததை வைத்துப் பார்த்தால் இல்லை. மருந்துதான் அவளைக் காப்பாற்றியது என்று தெரியும். ஆனால் வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் விட்டுப் பார்க்கும் தைரியமும் இல்லை.

மாலை போட்டதிலிருந்து வீட்டில் எல்லோரும் இவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மித்ராவும் அப்படியே கூப்பிட்டாள். மாலை போட்ட பெண்களை அழைப்பது போல அவளை நாங்கள் மாளிகைப்புறம் என்று அழைத்தோம். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூட வேனில் டிரைவரிடம்கூட "மாளிகைப்புறம்னு கூப்பிடுங்க அங்கிள்" என்றாளாம்.

யானை வாயில் முள்

விரதம் தொடங்கி முதல் வாரத்திலேயே இவர் தூண்டில் பையை எடுத்துத் தூசி தட்டினார். அத்தை பார்த்துவிட்டார்.

"இன்னா சாமி இது? மாலை போட்டுகினு மீன் புடிப்பாங்களா?"

"கொல்லமாட்டேம்மா. புடிச்சி உட்டுருவேன்."

"உடறதுக்கு எதுக்குப் புடிக்கிறது?"

"பாக்கத்தான். கோயில் யானைய பாக்கறோம், வீட்டுக்கா ஓட்டிகினு வர்றோம்?"

"யானை வாயில முள்ளு மாட்டிட்டா சாமி பாக்கறீங்க?"

இவர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் குருசாமிக்குப் போன் செய்தார். மலைக்குக் கூட்டிப்போகும் பெரியவர் அவர்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"உயிர கொல்லக் கூடாது, கவுச்சி திங்கக் கூடாது, அவ்ளோதான் சாமி எனக்குத் தெரிஞ்சது" என்றார் குருசாமி. "புடிச்சி உடறத பத்தி இது வரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்ல."

அதை இவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். அத்தை தடை என்று எடுத்துக்கொண்டார். நான் இரண்டு பேரிடமும் தலையாட்டினேன்.

வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் சரியாகத் தூங்கவில்லை. மித்ராவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடி நின்றிருப்பார். நானும் எழுந்து பார்ப்பேன். ஒருவர் பயத்தை ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தோம். ஏரிக்குப் போனாலாவது ஒருவருக்குப் பாரம் இறங்கட்டும் என்று நினைத்தேன். மழை நின்றதும் உனக்கு வீசக் கற்றுத் தருகிறேன் என்று மித்ராவுக்கு அவர் வாக்கும் கொடுத்திருந்தார். பிடித்த மீன் திரும்பி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் துடித்துக்கொண்டிருந்தாள்.

கோழி இறகு வேண்டாம்

இன்னொரு சிக்கல் வந்தது. பொய்ப் பூச்சிகளைக் கட்டுவது சேவல் இறகில். அந்தப் பெட்டி பூஜை அலமாரிக்குப் பக்கத்து இழுப்பறையில் இருந்தது. அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு, விரல் நுனியால் மூடினார்.

"கோழி எறகு. சாமி இருக்கிற வீட்ல."

இவர் பெட்டியைக் காரின் டிக்கியில் கொண்டுபோய் வைத்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று மாலை சாப்பாட்டு மேஜைமேல் ஒரு முள்ளையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு, "இறகே இல்லாம கட்டிப் பாப்போம்" என்று உட்கார்ந்தார். முள்ளின் நுனியில் மீன் வாயைப் பற்றிக்கொள்ளும் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கினார். அதை நசுக்கிவிட்டால் முள் எளிதாகக் கழன்று வரும். மீனுக்குப் பெரிய காயமாகாது. மித்ராவின் கைவேலை வகுப்பிலிருந்து மிஞ்சிய சிவப்புக் கம்பளி நூல் இருந்தது. என் பழைய புடவைக் கரையிலிருந்து கொஞ்சம் ஜரிகை.

அவர் கட்டியது நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"சடை குஞ்சம் கட்டற மாதிரிதானே? குடுங்க இப்டி."

அத்தை அடர்த்தியாக, இறுக்கமாகக் கட்டினார். தலைப்பக்கம் ஜரிகையைச் சுற்றினார். நிஜமாகவே அழகாக இருந்தது. மித்ரா கைதட்டினாள். "சைவப் பூச்சி" என்று இவர் பெயர் வைத்தார். அத்தைகூடச் சிரித்தார். மேஜையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான். அப்போது எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு

ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் கெம்பண்ணா. கரையில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறார். இவரைப் பல வருடமாகத் தெரியும். பிடித்துவிட்டு விடுகிறவர் என்பதால் உள்ளே விடுவார்.

இவர் பின்னால் நின்று மித்ராவின் கையைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தார். பச்சைக் கயிறு தலைக்குமேல் வளைந்து போவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். பிறகு அவளுக்குப் பக்கத்தில் வந்தேன். பிறகு மறுபடி தள்ளி நின்றேன்.

ஆகாயத்தாமரை ஓரத்தில் சிவப்புக் குஞ்சம் விழுந்தது. மித்ரா கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் வாயைத் திறந்து மூடியது போல இருந்தது.

"சாமி! சாமி! இழுக்குது சாமி!"

"விடாத மாளிகைப்புறம்! ராடை நிமித்து! அப்படித்தான்!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மீன் கரைக்கு வந்தது. என் முழங்கை நீளம் இருக்கும், கறுப்பும் பழுப்புமாக. இவர் வாயைத் திறந்து இடுக்கியை விட்டார். முள் எளிதாகத்தான் கழன்றது. கம்பளிதான் வரவில்லை. விராலுக்கு வாயெல்லாம் பொடிப் பொடியாகப் பல். இறகாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். கம்பளி ஒவ்வொரு பல்லிலும் இழை இழையாகச் சிக்கி, உள்ளே செவுள்வரை போயிருந்தது. ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் மாட்டியது. எடுத்து முடிப்பதற்குள் செவுள் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

நான் தொடக்கத்தில் சொன்னது அதற்குப் பிறகுதான். தண்ணீரில் வைத்து வெகுநேரம் அசைத்துப் பார்த்தார். கடைசியில் கொண்டுவந்து புல்லின்மேல் வைத்தார்.

கெம்பண்ணா வந்தார். மீனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "ஏனு சுவாமி, மாலெ ஹாக்கொண்டு மீனா?" என்று கன்னடத்தில் சிரித்தார். மாலை போட்டுக்கொண்டு மீனா என்கிறார். இவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஹோக்லி பிடி. நங்கெ கொடி, சாரு மாட்தீனி." போகட்டும், எனக்குக் கொடுங்கள், குழம்பு வைத்துக்கொள்கிறேன் என்று பொருள்.

இவர் தலையாட்டினார். கெம்பண்ணா அதை ஒரு ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சாக்கு அசைந்ததா? அவர் நடந்ததில் அசைந்ததா?

காரில் மித்ரா கேட்டாள். "அந்த அங்கிள் அதை மறுபடி தண்ணில விடுவாரா?"

"கேட்டுப் பார்க்கலாம்டா" என்றேன் நான்.

"இல்லம்மா, சாப்பிடுவாரு" என்றார் இவர். குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

கொஞ்சதூரம் போன பிறகு பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "அப்ப நாம விடலை."

வெறும் கழுத்து

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இவர் அத்தையிடம் நடந்ததைச் சொன்னார். கம்பளி சிக்கியதையும் சொன்னார். அத்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விரால் அவ்ளோ சீக்கிரம் சாவாது" என்றார் பிறகு. "சந்தையில தண்ணி இல்லாம அரைநாள் கெடக்கும். செத்தா மாதிரியே கெடக்கும். அவன் எடுத்துனு போவறப்ப உசுரோடதான் இருந்திருக்கும்."

"செவுள் வெளுத்துப் போச்சும்மா."

"நான் சொல்றேன், உசுரோடதான் இருந்திச்சு. அறுத்தவன் அவன்."

அத்தை சொல்வது உண்மையாக இருக்கலாம். அவர் கட்டிய குஞ்சம் என்பதால் அப்படிச் சொல்கிறாரோ என்றும் தோன்றியது. உயிரோடு இருந்ததென்றால் நாங்கள் விரதத்தை மீறவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்கும் ஒன்றைக் குழம்புக்குக் கொடுத்துவிட்டோம் என்றாகிறது. இதில் எந்த உண்மை எனக்கு வேண்டும் என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை சடை பின்னும்போது பார்க்கிறேன், மித்ராவின் கழுத்து வெறுமையாக இருந்தது. மாலை ஐயப்பன் படத்தின்மேல் தொங்கியது. நாற்காலி போட்டு ஏறி அவளே மாட்டியிருக்கிறாள்.

"ஏண்டா கழட்டினே?"

"நான் மாளிகைப்புறம் இல்ல. மீன் செத்துப் போச்சு. ராடு என் கையிலதான் இருந்துச்சு."

மலைக்குப் போய்வருவதற்கு முன் நடுவில் மாலையைக் கழற்றக் கூடாது. அத்தை பதறிவிட்டார். "நேர்ந்துகினது நேர்ந்துகினதுதான். கொழந்தைக்குத் தெரியாது, நீ எடுத்துப் போடும்மா" என்றார். மறுபடி உடம்புக்கு ஏதாவது வந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது. இவரோ, "அவளுக்கே மனசு வர்ற வரைக்கும் யாரும் போடக் கூடாது. நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்கிறார். குருசாமி, குழந்தைதானே, புதிதாகப் போட்டு அழைத்து வாருங்கள் என்கிறார். சமாதானமாகத்தான் சொல்கிறார். மித்ராவிடம் அது எடுபடவில்லை.

இந்த வாரம் அவளுக்கு லேசாக இருமல். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, பருவம் மாறுவதால் வருவது, ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே அவள் மூக்கருகே விரலை வைக்கிறேன்.

முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ராகி பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க போனா, மீன விட்டியான்னு சாமி கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்பா பக்கத்திலயே இருப்பாரு. அப்பா சொல்லுவாரு."

"அப்பாவ கேக்கமாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க. நீ வருவியா?"

நான் போக முடியாது. எங்கள் வீட்டில் என் வயதுப் பெண்கள் அந்த மலைக்குப் போவதில்லை. அவள் பிறந்ததிலிருந்து தடுப்பூசி, முதல் நாள் பள்ளி, ஐ.சி.யூ. கதவு என்று எல்லா இடத்திலும் நான் நின்றிருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமலாவது நின்றிருக்கிறேன். இது நான் நிற்க முடியாத முதல் இடம்.

இருமுடி கட்ட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உங்களில் சின்னப் பெண்ணை மலைக்கு அனுப்பிய அம்மாக்கள் இருப்பீர்கள். வேண்டுதலைத் தள்ளிவைத்தவர்களும் இருப்பீர்கள். மாலையை மறுபடி போட்டு அவளை அனுப்பட்டுமா, இந்த வருடம் இருக்கட்டும் என்று நிறுத்தட்டுமா? அனுப்புவதென்றால், அவளிடம் அந்தக் கேள்வி வரும்போது சொல்வதற்கு அவளுக்கு ஒரு பதில் வேண்டும். பொய்யாக இருக்கக் கூடாது. ஏழு வயதுக் குழந்தை மனப்பாடம் செய்துகொண்டு அத்தனை படிகளும் ஏறும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.